தம்பி சொன்ன ஆமென்

என் தம்பியைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சிலருக்கு அவன் தீர்க்கதரிசி, சிலருக்கு வாக்கு மாறியவன். இரண்டும் இல்லை. கூடப் பிறந்தவள் சொல்கிறேன், சொன்னபடியே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

நாங்கள் மூன்று பேர். பெரியக்கா, நான், அவன். அம்மா போனபோது அவனுக்குப் பல்கூட முளைக்கவில்லை. பெரியக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அதிலேயே அவள் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றும் போனது. மூவருக்கும் ஒரே இடத்தில் வேலை, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தரும் சலவைக்கூடம். நான் மடிப்பு மேசையில் நிற்பேன். பெரியக்கா ஈர விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் கொடுப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர். அதைப் பார்த்துக்கொண்டவன் தம்பி.

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் காது சிவந்துபோகிறவன் அவன். அவன் வாயில்தான் அந்தச் சேதி வந்து விழுந்தது. பாய்லரின் அடியில், தகடும் தகடும் சேரும் இடத்தில், உப்புப் பூத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. காலையில் துடைப்பான், சாயங்காலம் மறுபடியும் இருக்கும்.

"கசியுது சார். இரும்பு விட்டுக்கிட்டு வருது. அணைச்சுட்டுப் பார்க்கணும்" என்று மேனேஜரிடம் சொன்னான். மறுநாளும் சொன்னான். அதற்கு மறுநாள் அவனே அணைத்துவிட்டான். உடனே சாவியைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, இவனை விறகு சுமக்க விட்டார்கள். அப்போதும் வாய் ஓயவில்லை. மடிப்பு மேசைப் பெண்கள் அவனுக்குப் ‘புலம்பல்’ என்று பேர் வைத்தார்கள்.

"புலம்பல் வந்துட்டாருடி, எல்லாரும் கண்ணைத் தொடைச்சுக்குங்க."

"ஏம்ப்பா, இதை மூடிட்டா எங்க வீட்டு உலையை உன் தலையிலயா வைக்கிறது?"

நானும் அவர்களோடு சேர்ந்தவள்தான். "கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டு இரேன்டா" என்றேன்.

"இருந்து பார்த்தேன் சின்னக்கா. நெஞ்சு எரியுது. அடக்க முடியல."

பெரியக்கா மட்டும் நம்பினாள். "அவனுக்குப் பொய் வராதுடி. வளர்த்தவளுக்குத் தெரியாதா" என்று மூன்று நாள் வேலைக்கே வரவில்லை.

நான்காம் நாள் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார்கள். எங்களை முற்றத்தில் நிறுத்தி, "இன்னும் பத்து வருஷம் உழைக்கும், பயப்படாம வேலையைப் பாருங்க" என்றார் அவர். மேனேஜர் தம்பி பக்கம் திரும்பினார். "கேட்டியாப்பா?"

தம்பி அவரைப் பார்த்தான், எங்கள் எல்லோரையும் பார்த்தான். "ஆமென்" என்றான். விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"புலம்பலே ஆமென் சொல்லிட்டாருடி" என்று பெண்கள் கைதட்டினார்கள். நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து பெரியக்காவிடம் சொன்னேன். "உன் பிள்ளை ஒத்துக்கிட்டான்க்கா. ஆமென்னுட்டான்."

"அவனே சொன்னானா?"

"என் காதால கேட்டேன்."

மறுநாள் காலையில் அவள் தலைவாரிக்கொண்டு என்னோடு புறப்பட்டாள். ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு வந்த தம்பி, அதற்கு முன்பே கிளம்பியிருந்தான். கோடு ஒரு சாண் நீண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் மேனேஜரின் அறைவாசலில் போய் நின்றிருக்கிறான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பாய்லர் வெடித்தது. சுவர் பெரியக்கா மேல் விழுந்தது.

தம்பி நீராவிக்குள்ளே ஓடி வந்து கல்லைப் புரட்டினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவ ஏன் வந்தா?" என்று கேட்டான்.

"நீதானேடா ஆமென்னு சொன்னே."

"அப்படி ஆகட்டும்னு சொன்னேன் சின்னக்கா. அப்படித்தான்னு சொல்லலையே."

ஆமாம் வேறு, ஆமென் வேறு. தினமும் ஜெபத்தில் சொல்கிற எங்களுக்கு அது தெரியவில்லை. துக்கத்துக்கு வந்த போதகர், எரேமியா தீர்க்கதரிசிக்கும் இப்படி நடந்ததாகச் சொன்னார். ஊர் அழியும் என்று சொல்லச் சொல்லிக் கடவுள் அவரை அனுப்பியிருந்தாராம். அழியாது, சீக்கிரமே எல்லாம் நல்லபடியாகும் என்று இன்னொருவன் கோயிலில் நின்று சொன்னபோது, அவர் முதலில் ஆமென் என்றாராம். அவருக்கும் அது சொந்த ஊர்தானே, தன் வார்த்தை பொய்யாகட்டும் என்று ஆசை இருக்காதா. அந்த ஆள் அதோடு விடாமல் இன்னும் பேச, இவர் எழுந்து போய்விட்டாராம். பிறகு திரும்பி வந்து உள்ளதைச் சொன்னாராம்.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றேன். அந்தத் தீர்க்கதரிசிக்குத் திரும்பி வர நாள் இருந்தது. இவனுக்கு ஒரு ராத்திரிதான் இருந்தது.

விசாரணையில், "ஆமென் என்று சொன்னது உண்மையா?" என்று கேட்டார்கள். "சொன்னேன்" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. பாய்லர்காரனே சம்மதித்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

"அர்த்தத்தைச் சொல்ல வேண்டியதுதானேடா" என்று வீட்டில் சண்டை போட்டேன்.

"பெரியக்காவுக்குச் சொல்லாததை இவங்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

அதன் பிறகு இருபத்தாறு வருஷம் என்னோடுதான் இருந்தான். அந்த ஆமென் சேதியைப் பெரியக்காவிடம் கொண்டு வந்தது யார் என்று ஒரு நாளும் அவன் என்னைக் கேட்கவில்லை. தெரியாமல் இல்லை.