இரண்டு பேரும் வென்ற கை

1. ஒரேயொரு ஹார்ட்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு சீட்டாட்ட மன்றத்தில் சீட்டுப் போடும் டீலராக வேலை செய்தேன். அதற்கு முன் பென்ரோஸில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கினேன். அதற்கும் முன் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். டீலராகி இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனேஜர் மொரீன் என்னைக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு நீதான் ஃப்ளோர். சந்தேகம் வந்தா யோசி. யோசிக்கிறது முகத்தில தெரியக்கூடாது."

(அவர்கள் பேசிய ஆங்கிலத்தை என் தமிழில்தான் எழுதுகிறேன்.)

மேசையில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவர்தான் ஃப்ளோர். அன்று நடந்தது கலப்புப் போட்டி. ஐந்து வகைப் போக்கர், அரை மணிக்கு ஒரு வகை. நேரம் முடிந்ததும் சுவர் மணிக்கூடு ஒலிக்கும், அதன் திரையில் ஆட்டத்தின் பெயரும் மாறும். ஃப்ளோர் அடுத்த ஆட்டத்தின் பெயரை உரத்துச் சொல்ல வேண்டும். உடனே டீலர் மேசை நடுவில் இருக்கும் பெயர்ப் பலகையை மாற்றுவார்.

முதல் தகராறு ஒமஹாவில் வந்தது. அந்த ஆட்டத்தில் கையில் நாலு சீட்டு. அதில் இரண்டை, கூடாமல் குறையாமல், பாவித்தே ஆக வேண்டும். லென் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் மேசையில் எல்லாருக்கும் பொதுவான சீட்டுகளில் நாலு ஹார்ட்ஸ் கிடப்பதைப் பார்த்துவிட்டு, தன் கையில் இருந்த ஒரேயொரு ஹார்ட் ஏஸை நம்பி எல்லாப் பந்தயச் சிப்ஸையும் உள்ளே தள்ளியிருந்தார். முந்தைய ஆட்டத்தில் அது வெல்லும். இதில் அது ஒரே இனத்து ஐந்து சீட்டான ஃப்ளஷ்ஷே இல்லை. தீர்ப்பு லேசானது, சொன்னேன். தோற்றும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அரை மணி கழித்தும் கதவடியில் என்னை மறித்து, "இன்னொருக்கா விளங்கப்படுத்து" என்றார்.

வாத்தியார் புத்தி. விளங்கப்படுத்தினேன். இடையில் மணிக்கூடு ஒலித்தது எனக்குக் கேட்டது. இந்த வசனத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

2. ரஸ்ஸா, ஸ்டட்டா

இரண்டு நிமிடம் போயிருக்கும். "ஃப்ளோர்!" என்று டீலர் சியோனே கூப்பிட்டார். அவர் டொங்காக்காரர், நிதானமான மனிதர், குரலை உயர்த்துவதே அபூர்வம்.

நாலு பேர்தான் மிச்சம் இருந்தார்கள். முதல் இருவருக்கு மெல்பர்ன் போட்டியில் இடம். சிப்ஸ் முழுவதையும் போட்டுவிட்டு கிரஹாம் நின்றுகொண்டிருந்தார். கூரை வேலைக்காரர், ஒவ்வொரு ஞாயிறும் வருபவர். அவருக்கு எதிரில் சிவபாலன். பெயின்ற் தொழிற்சாலையில் வேலை, யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர். இருவர் சீட்டும் திறந்து கிடந்தன. கிரஹாமிடம் இரண்டு கிங், இரண்டு பத்து. சிவபாலனிடம் ஏழு, ஐந்து, நாலு, இரண்டு, ஏஸ்.

இருவர் முகத்திலும் வென்ற களை இருந்தது.

ரஸ் என்ற ஆட்டத்தில் மிகச் சின்னக் கை வெல்லும். அதற்கு அடுத்து வரும் ஸ்டட்டில் பெரிய கை வெல்லும். சில சீட்டைத் திறந்தும் சிலதைக் கவிழ்த்தும் போடுகிற முறை இரண்டிலும் ஒன்றுதான். சுவர் மணிக்கூட்டில் ஸ்டட் என்று இருந்தது. மேசைப் பலகையில் ரஸ் என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அறிவிக்க வேண்டிய ஆள் நான்.

"மாஸ்டர், போர்ட்டில ரஸ் எண்டுதானே கிடக்கு. நீங்களே பாருங்கோ" என்றார் சிவபாலன், தமிழில்.

மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்பது விதி. கிரஹாம் என்னைப் பார்த்தார். "என்ன கதைக்கிறான் அவன் உன்னோட?"

சிவபாலன் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு சிவபாலனிடம், "இங்கிலிஷில மட்டும் கதையும்" என்றேன், அதையும் ஆங்கிலத்திலேயே. அவர் முகம் சிறுத்துப்போனது.

சியோனேயிடம் கேட்டேன். "முதல் பந்தயம் யார் போட்டது?"

"கிரஹாம். அவருக்குத்தான் கிங் திறந்து இருந்தது."

ரஸ்ஸில் திறந்த சீட்டு பெரிதாக உள்ளவர் முதலில் போட வேண்டும். ஸ்டட்டில் சின்னதாக உள்ளவர்.

"பிறகு ஒவ்வொரு சுற்றிலயும் யார் முதல்?"

"சிவபாலன்."

அடுத்த சுற்றுகளில் சின்னச் சீட்டுக்காரர் தொடங்குவது. அதுவும் ரஸ் முறை.

"டீலர் குழம்பிப்போனான் எண்டு நினைச்சன்" என்றார் கிரஹாம். "மணிக்கூட்டைப் பாத்தன், ஸ்டட். சின்னத் தொகைதானே எண்டு போட்டன். ரெண்டு கிங்கோட ரஸ் விளையாட எனக்கென்ன விசரா?"

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கை ரஸ் முறையில் தொடங்கி, கடைசிச் சீட்டு வரை அதே முறையில் நடந்திருந்தது. அவரும் மறுப்புச் சொல்லாமல் அந்த ஒழுங்கில்தான் ஆடினார். தொடங்கிய முறையிலேயே கை முடிய வேண்டும்.

"ரஸ். சிப்ஸ் சிவபாலனுக்கு."

கிரஹாம் ஜாக்கெட்டை எடுத்தார். "உன்ர ஆளுக்குத்தானே" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மொரீன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒதுக்கிக் கூட்டிப்போனார். "தீர்ப்புச் சரி. ஆனா இந்தத் தீர்ப்புக்கே தேவை வந்திருக்கக்கூடாது. ஏன் வந்தது எண்டு அவையளுக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. திரும்பிப் போய், கிரஹாம் கதவைத் தாண்டுவதற்குள், எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "மணி அடிச்சது எனக்குக் கேட்டது. நான் அறிவிக்கேல்ல. பிழை டீலரில இல்லை, என்னில." கிரஹாம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். சியோனே மட்டும் மூச்சை விட்டார்.

என்னை இரண்டு மாதம் மறுபடி டீலராகப் போட்டார்கள்.

3. லட்டு

சிவபாலன் இரண்டாவதாக வந்து மெல்பர்னுக்குப் போனார். போவதற்கு முன் ஒரு பின்னேரம், சாண்ட்ரிங்ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு மனைவியோடு வந்தார். கையில் லட்டுப் பெட்டி.

"மாஸ்டர், நீங்கள் செய்த உதவியை நான் மறக்கமாட்டன்."

"நான் உதவி செய்யேல்ல. விதியைச் சொன்னன்."

"ஓம் ஓம், அங்க அப்பிடித்தான் சொல்லோணும்" என்று சிரித்தார்.

"சிவபாலன், சீட்டு மாறி இருந்திருந்தா கிரஹாமுக்குத்தான் குடுத்திருப்பன்."

அவர் சிரிப்பு நிற்கவில்லை. நான் தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் மனைவி என் மனைவியிடம், "எங்கட ஆக்கள் ஒருத்தர் அங்க இருக்கிறது எவ்வளவு நல்லது" என்றார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். இருவரும் தேத்தண்ணீர் குடிக்காமல் எழுந்து போனார்கள். பிறகு கோயிலில் கண்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

கிரஹாம் சொன்னதைவிட இது என்னை அதிகம் தொந்தரவு செய்தது. தோற்றவர் சந்தேகப்படுவது இயல்பு. வென்றவரும் அதையேதான் நம்பினார். திறந்து கிடந்த சீட்டைப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொன்னேன். தீர்ப்பு யாருக்கு நன்மை என்று தெரிந்துதான் சொன்னேன். அது என் தீர்ப்பை மாற்றவில்லை என்று நான் சொல்லலாம். ஆனால் அதைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

மறுபடி ஃப்ளோராக நின்ற நாள் முதல், வேலையை விடும் வரை, ஒரு வழக்கத்தை மாற்றவில்லை. என்னைக் கூப்பிட்டால் மேசைக்கு நாலு அடி தள்ளியே நிற்பேன். "எல்லாச் சீட்டையும் கவிழ்த்து வையுங்கோ" என்பேன். பிறகுதான் கேட்பேன், என்ன நடந்தது என்று.