கோணல் மூலைக் கம்பளி

எங்கள் வீட்டுக் கம்பளியின் ஒரு மூலை கோணல். மடிக்கும்போது மற்ற மூலைகள் ஒழுங்காக வந்து சேரும், அது மட்டும் நாலு விரல் உள்ளே நின்றுகொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். சாம்பல் நிறம், ஓரத்தில் மங்கிப்போன சிவப்புக் கோடு. இப்போது அது பண்டாரவளையில் என் வீட்டு முன்னறையில், நாற்காலியின் முதுகில் கிடக்கிறது. துவைக்க வேண்டிய கம்பளி. சித்தி கட்டிலில் உட்கார்ந்தபடி தினமும் அதைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். "ஏன்டி, ஊரான் கம்பளியெல்லாம் தொவைக்கிற, வீட்டுக் கம்பளி நாறுறது மூக்குல ஏறலையா?" என்கிறாள். "மழை விடட்டும் சித்தி" என்கிறேன். மழை விட்டு நாலைந்து நாளாகிவிட்டது. அது அவளுக்கும் தெரியும்.

ஊரான் கம்பளி என்று அவள் சொல்வது என் வேலையை. எல்ல என்கிற ஊர்ப் பக்கம் ஒரு விடுதியில் அறைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் இடம். குளிருக்கு ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கம்பளி போட்டிருக்கிறோம். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, கம்பளியைச் சுடுதண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதே என்பதுதான். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து ஊறவைக்க வேண்டும். கசக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. உலர்ந்த துவாயில் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே இழுபட்டு நீளும், அதனால் நிழலில் பரப்பித்தான் காயவைக்க வேண்டும். "இதெல்லாம் எந்தக் கோர்ஸ்ல படிச்சீங்க அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். கோர்ஸாவது ஒன்றாவது! ஒரே ஒரு கம்பளி பாழானதில் படித்ததுதான் எல்லாம்.

அது அம்மாவின் கம்பளி. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து எடுத்தாள். மழைக் காலத்தில் பெண்கள் கம்பளியைத் தலையோடு மடித்துப் போட்டு, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போவார்கள். பகலில் மழைக்குப் போட்டதை அடுப்பங்கரையில் காயவைத்து, ராத்திரி அதையே போர்த்திக்கொள்ள வேண்டும். நானும் அம்மாவும் ஒரே கம்பளிக்குள் படுத்தோம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய வருடம் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள்.

இறந்தவர்கள் படுத்த பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் சுடுகாட்டு ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். பாயும் தலையணையும் போய்விட்டன. கம்பளியை எடுக்க வந்த அத்தையால் எடுக்க முடியவில்லை, நான் அதற்குள் சுருண்டு படுத்திருந்தேன். இழுத்தால் கம்பளியோடு நானும் வந்தேன். "செத்தவ கம்பளி வீட்டுல இருக்கக் கூடாதுண்ணே. புள்ளைக்கு ஆகாது" என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கெடந்துட்டுப் போகட்டும் விடு. அவளுக்குத் தூக்கம் வர்றது அதுலதான்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது, ஆனால் அத்தை அதை மறக்கவில்லை. வீட்டில் எனக்குத் தும்மல் வந்தாலும் குற்றம் கம்பளியின் மேல்தான் விழுந்தது.

யாரையும் அதைத் துவைக்க நான் விடவில்லை. அதில் அம்மா இருந்தாள். தேயிலைக் கொழுந்தின் பச்சை வாசம், அடுப்புப் புகை, தேங்காய் எண்ணெய், வெற்றிலை எல்லாம் கலந்த வாசம். வேறு பிள்ளைகளுக்கு அது நாற்றமாக இருந்திருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்! அம்மாவின் கழுத்துப் பக்கம் பட்ட இடம் எது என்று இருட்டிலும் என் மூக்குக்குத் தெரியும். அந்த இடத்தை முகத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன்.

கொஞ்ச காலம் கழித்து அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். வெல்லவாயப் பக்கம், வெயில் கொளுத்துகிற ஊர் அவளுக்கு. அங்கே பருத்தித் துணியையே போர்த்திக்கொள்ள மாட்டார்கள், கம்பளி எங்கே! வந்த புதிதில் எங்கள் ஊர்க் குளிரில் பல்லைக் கிட்டித்துக்கொண்டு, இரண்டு சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு திரிந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான். அவள் நடுங்கட்டும் என்று நினைத்தேன். கம்பளியைத் தொட வந்தால் கடிப்பேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தேன்.

அந்த வருடம் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சொறி வந்தது. எனக்கு விரலிடுக்கில் ஆரம்பித்து முழங்கை வரை ஏறிவிட்டது. சித்திதான் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மருந்தைக் கொடுத்து, பிள்ளையின் உடுப்பு, படுக்கை, போர்வை எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுக்கச் சொன்னார்கள். மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, சொன்னதைச் சொன்னபடி செய்தாள் சித்தி. தகரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, சோடா உப்பைப் போட்டு, அவள் ஊரில் அழுக்குத் துணியை அவிப்பது போல எல்லாவற்றையும் அவித்தாள். போர்வையும் சொன்னார்களே என்று கம்பளியையும் போட்டாள். அப்புறம் கல்லில் வைத்து அடித்து, முறுக்கிப் பிழிந்தும் விட்டாள். மலைநாட்டில் பிறந்த பெண் யாரும் செய்யாத காரியம்.

நான் வரும்போது கொடியில் சாக்குப் போல ஒன்று தொங்கியது. தடித்து, விறைத்து, பாதியாகச் சுருங்கி. அது என்னவென்று எனக்கு முதலில் தெரியவில்லை. சிவப்புக் கோட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய் முகத்தை வைத்தேன். சவர்க்கார வாசம். வேறொன்றும் இல்லை. "எங்கம்மா வாசம் எங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்துவிட்டது. "அன்னைக்கே தூக்கிப் போட்டிருந்தா இந்தக் கூத்து உண்டா?" என்றாள் அத்தை. சித்தியின் கைகள் இரண்டும் சுடுதண்ணீரில் சிவந்திருந்தன. கொடியிலிருந்து கம்பளியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஏதோ செத்த குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது போல.

மறுநாள் ஈரக் கம்பளியைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போனாள். கம்பளி விற்கிற கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறாள். பலர் சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு முஸ்லிம் கடை நானாதான் அதை வாங்கி விரித்துப் பார்த்திருக்கிறார். "முழுசா வராது தங்கச்சி. ஆனா வுட்டுடாதீங்க. பச்சத் தண்ணியில ஊற வெச்சு, நாலு பக்கமும் கட்டி, காயக் காயக் கொஞ்சம் கொஞ்சமா இழுங்க. ஒரேயடியா இழுத்தா கிழிஞ்சி போயிடும்." இதைச் சித்தி எத்தனையோ தடவை, அந்த நானாவின் குரலிலேயே, எனக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறாள்.

லயத்துக்குப் பின்னால் கொய்யாக் கம்புகளை அடித்து, ஈரக் கம்பளியை அவற்றில் கட்டினாள் சித்தி. ஈரத்தை உறிஞ்சும் கச்சான் காற்று அடிக்கிற காலம். ஒரு பக்கத்தை இழுத்துக் கட்டுவாள், போய் உலை வைப்பாள், திரும்பி வந்து அடுத்த பக்கத்தை இழுப்பாள். காய்ந்துவிட்டால் மறுபடி நனைப்பாள். மலையிலிருந்து வந்த களைப்போடு அப்பாவும் எதிர்ப்பக்கம் நின்று பிடித்தார். நான் கோபத்தில் படியில் உட்கார்ந்து, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் போகப் போகக் கம்பளி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்துக் கம்பு மட்டும் ஈர மண்ணில் பிடிமானமில்லாமல் சாய்ந்துகொண்டே போனது, அதனால் அந்த மூலை மட்டும் வரவில்லை. "இதுக்கு மேல என்னால முடியல பாப்பா" என்று அதை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். வாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, கம்பு நட்டு இழுத்து வருகிற சாமானா அது? அன்று அவளை நான் மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் இல்லை. கம்பளியை வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பளிக்கு நடந்த உபசாரம் ஒரு மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. மழைக் காலத்தில் சித்தி அதை அடுப்புக்கு மேலே பரணில் விரித்து, புகை படும்படி வைப்பாள். பூச்சி அரிக்காமல் இருக்க, டர்பன்டைன் மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் இலையைக் காயவைத்து மடிப்புக்குள் போடுவாள். கச்சான் காற்று தொடங்கியதும் பச்சைத் தண்ணீரில் ஒரு குளிப்பாட்டு. கோணல் மூலையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பாள். வராது. கலியாணமாகி நான் பண்டாரவளைக்கு வந்தபோது என் பெட்டியில் முதலில் வைத்தது அதைத்தான்.

இவ்வளவு பார்த்தவள் ஒருநாள்கூட அதைப் போர்த்திக்கொண்டதில்லை. இது எனக்குச் சின்ன வயதில் உறைக்கவே இல்லை. வெயில் ஊர்க்காரி, வருடக்கணக்கில் அந்தக் குளிரில் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டுதான் படுத்தாள். அப்பா போன பிறகு அவளை நான் இங்கே அழைத்து வந்தேன். அவள் கட்டிலில் அந்தக் கம்பளியை மடித்து வைத்தால், காலையில் மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கும். கேட்டால், "அது ஒங்கம்மாவோடது" என்பாள். கம்பளியின் விலை தெரிந்த ஊரில், ஒரு கம்பளிக்கு இத்தனை வருடம் காவல் இருந்துவிட்டு, தான் நடுங்கியவளை என்ன சொல்வது?

போன மாதம் விடாத மழையில் சித்திக்குச் சளிக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காட்டி, மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பற்கள் அடித்துக்கொண்டன. வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. அலமாரியைத் திறந்து அந்தக் கம்பளியை எடுத்தேன். காய்ச்சலிலும் கையால் தள்ளினாள். "வேணாம்டி. அது ஒங்கம்மா..."

"எங்கம்மாகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டா. பேசாம படு சித்தி."

அதற்குப் பிறகு தள்ளவில்லை. கோணல் மூலையை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். காய்ச்சல் போகிற வரைக்கும் அதற்குள்ளேயே கிடந்தாள், நானும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். நல்லவேளை, தேறிவிட்டாள். எழுந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சு, கம்பளியைத் துவைத்துப் போடு என்பதுதான்.

இன்று காலையில் நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது குழாய்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சித்தி தானே எழுந்து வாளியில் தண்ணீர் பிடித்து, சவர்க்காரத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறாள். தோளில் கம்பளி. நான் போய் அதை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். முகத்தில் பட்டது. தைலம், வெற்றிலை, காய்ச்சல் வியர்வை, மடிப்புக்குள் இருந்த இலை. எல்லாம் சித்தி.

"குடுடி. நாறுது."

"நாறட்டும் சித்தி. இப்ப தொவைக்க வேணாம்."

சித்தி என்னைப் பார்த்தாள். கம்பளியைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து, வாளித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள்.