தோணி லாரியின் இடது பக்கம்

கல்லில் வெட்டப்போகிற வரிக்கு நான் கூடுதல் ஆதாரம் கேட்பேன். தாளில் தவறு வந்தால் பிறகு திருத்தலாம், கருங்கல்லில் முடியாது. போன வருடம் திரேஸ்புரத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் அம்மாள் மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு வந்து, தன் வளாகத்தில் நிற்கும் தோணி லாரியைப் பற்றி நான்கு வரி எழுதித் தரக் கேட்டபோது உடனே சம்மதித்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து, இங்கே எந்தக் கப்பல் எப்போது வந்தது என்று குறித்து வைப்பது என் பழக்கம். அந்த லாரிக்கு மட்டும் என்னிடம் ஒரு தேதியும் இல்லாமல் இருந்தது.

ஊரில் அதைப் பார்க்காதவர் குறைவு. ஆறு சக்கரம், படகு போன்ற இரும்பு உடம்பு, பின்பக்கம் அடியில் ஒரு புரொப்பல்லர். அம்மாளின் தகப்பனார் தோணி கட்டும் தச்சர். ஓடாவி என்று இங்கே சொல்வோம். யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட லாரி ஒன்றை வாங்கி, அவரே அதைக் கடலில் ஓடும் வண்டியாக மாற்றினார் என்பது குடும்பத்தின் பேச்சு. ஆழத்தில் நிற்கும் தோணி வரைக்கும் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு, திரும்பி நேராக மணலில் ஏறி வந்துவிடுமாம். கோயில் திருவிழாவுக்கு முன்னால் அதைச் சாலையைப் பார்த்து நிறுத்தி, பக்கத்தில் கல் நட வேண்டும். கல்லில், இந்த வண்டியைச் செய்தவர் என்று தகப்பனார் பெயர் வர வேண்டும் என்பது அம்மாளின் விருப்பம்.

"எங்கப்பா கைபட்டு எத்தனையோ தோணி கடல்ல எறங்கிருக்கு, அண்ணாச்சி. ஒண்ணுகூட இன்னிக்கு இல்ல. இது ஒண்ணுதான் நிக்கி" என்றார் அம்மாள்.

மறுநாள் வளாகத்துக்குப் போனேன். அம்மாளின் தம்பி, கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தார்.

"ஒவ்வொரு சக்கரத்துக்கும் பைப்பு போவுது, பாத்தியளா? எறங்காமலே டயர்ல காத்தக் கொறைக்கலாம், கூட்டலாம். மணல்ல கொறைக்கணும், ரோட்டுல கூட்டணும். எங்கப்பா மூளைக்கு இதைவிட அத்தாட்சி வேணுமா?"

அந்தப் பைப்புகளைப் பார்த்ததும், வண்டியைச் செய்தது யார் என்று எனக்கிருந்த சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அவர் நினைத்த மாதிரி அல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் தங்கள் சாதாரண ராணுவ லாரி ஒன்றையே எடுத்து, அதைச் சுற்றிப் படகின் உடம்பைக் கட்டினார்கள். டி-யூ-கே-டபிள்யூ என்ற நான்கு எழுத்துகள்தான் பெயர். முதல் எழுத்து 1942 என்ற வடிவமைப்பு ஆண்டைக் குறிக்கும். பெயரிலேயே தேதியைச் சுமக்கும் வண்டி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ராணுவம் முதலில் அதை நம்பவில்லை. புயலில் தரைதட்டிய காவல் படகிலிருந்து அது ஆட்களைக் கரைசேர்த்துக் காட்டிய பிறகுதான் நம்பியது. இருக்கையிலிருந்தே டயர் காற்றை மாற்றும் ஏற்பாடு அந்த வண்டியின் முத்திரை. தம்பி காட்டிய அத்தாட்சி அவர் சொன்னதற்கு நேர் எதிரான சாட்சி.

இதை நான் மறைக்கவில்லை. இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். அம்மாள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்குக் கோபம்.

"அப்ப எங்கப்பா என்ன, பெயிண்டு மட்டும் அடிச்சாராக்கும்?"

"ஏலே, நீ சும்மா கெட" என்றார் அம்மாள். பிறகு என்னிடம், "கல்லு வேண்டாம் அண்ணாச்சி. பொய்ய வெட்டி வைக்க முடியாது."

"அவசரப்படாதீங்க. எது தொழிற்சாலையில வந்ததுன்னு எனக்குத் தெரியும். அதையெல்லாம் கழிச்சா மிச்சம் உங்க அப்பாவோடது" என்றேன்.

முன்னிருந்து பின்வரை பார்த்தேன். வலப்பக்கம் முழுவதும் போர்க்காலத்து இரும்பு. இடப்பக்கம் சுவரை ஒட்டி நின்றது.

"அங்கன போவாதிய. ஓட்ட அடைச்ச எடம். அசிங்கமா இருக்கும்னுதான் செவத்தோட நிப்பாட்டிருக்கோம்" என்றார் தம்பி.

போனேன். சக்கரங்களுக்கு நடுவே, தார் அப்பிய பகுதியைத் தட்டினால் இரும்பின் சத்தம் வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். அவர் முனகிக்கொண்டே நுழைந்து, பேனாக் கத்தியால் தாரைச் சுரண்டினார். உள்ளே பலகை. பலகையும் பலகையும் சேரும் இடுக்கில் பஞ்சு.

"யக்கா, இங்கன வா. இது கலப்பத்துல்லா!"

தோணியில் தண்ணீர் புகாமல் இருக்கப் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசுவதுதான் கலப்பத்து. உப்புநீர் தின்ற இரும்பை ஓடாவி வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தோணிப் பலகையை வளைத்துப் பொருத்தி, போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். எந்த ராணுவத் தொழிற்சாலையும் இப்படிச் செய்யாது. நான் பார்த்த எந்தப் படத்திலும் இது இல்லை.

அம்மாள் புடவையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்து பலகையில் கை வைத்தார்.

"முயல் தீவுக்கு அப்பா இதுலதான் கூட்டிட்டுப் போனாவ. புதுத் தார் எம் பாவாடையில ஒட்டி, அம்மைட்ட அடி வாங்குனேன்."

அது எனக்குப் போதுமான சாட்சி. அவர்கள் தீவுக்குப் போனபோது கடலுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது அப்பாவின் பலகை.

வாசகத்தை அங்கேயே எழுதினேன். போரில் அமெரிக்காவில் பிறந்தது. இந்தக் கரைக்கு எப்படி வந்தது என்பது தெரியவில்லை. இரும்பு அழிந்த பிறகு மரத்தால் மீட்டு மறுபடி கடலில் இறக்கியவர் இவர். அதன் கீழே பெயர். தெரியவில்லை என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டார். முடியாது, ஏலத்தில் வாங்கியதற்குப் பேச்சைத் தவிர ஆதாரம் இல்லை என்றேன்.

அம்மாள் இரண்டு தடவை படித்தார். "ஏலே, கிரேன்காரன்ட்ட சொல்லு. வண்டியத் திருப்பணும். இடப்பக்கம் ரோட்டப் பாத்து நிக்கட்டும்."

"திருவிழாவுக்கு வாரவனெல்லாம் அந்த ஓட்டையத்தான் பாப்பான், யக்கா."

"பாக்கட்டும். அடைச்சது யாருன்னு கல்லுல இருக்குல்லா."