நித்தியத்துக்கு ஒப்பாத செல்வதாஸ் சார்

திருவட்டாறு பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற செல்வதாஸ் சாருக்கு முடிவிலி என்ற பேச்சே ஆகாது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகலாம், யார் தடுத்தார்கள்? ஆனால் எண்கள் அத்தனையும் ஏற்கெனவே எங்கோ முழுசாக இருக்கின்றன, அந்த முழுசுக்கும் ஓர் எண் உண்டு என்று யாராவது சொன்னால் மனிதர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்.

சண்டைக்கு ஆள் வீட்டிலேயே இருந்தது. மனைவி நேசபாயும் கணக்கு டீச்சர்தான். கல்யாணமான முதல் வாரமே மீன் கழுவிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எண்ணி முடிக்க ஆளில்லேன்னா எண்ணு இல்லாம போயிருமா? நீங்க ஒறங்கும்போ நான் இல்லாமலா போறேன்?"

"ஏட்டி, ஒன்னைய நான் கண்ணால பாத்திருக்கேன். அந்த முழுசை எவன் பாத்தான்?"

முப்பத்தோரு வருஷம் இப்படியே ஓடியது. வேறு சண்டை போட இருவருக்கும் நேரமே கிடைக்கவில்லை. போன ஜூன் மாதம் நேசபாய் மாரடைப்பில் போய்விட்டாள்.

ஒரு வருஷ நினைவு ஜெபத்துக்குள் கல்லறையில் கல் பதித்துவிடுவது அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் வழக்கம். இறந்த தேதிக்கு மேலே 'நித்தியத்தில் பிரவேசித்தது' என்று வெட்டுவார்கள். நித்தியமும் முடிவிலிதானே, அதற்குள் யார் போய்ச் சேர்ந்தார்கள், 'இறப்பு' என்று இருந்தால் போதும் என்றார் சார். துபாயிலிருந்து மகள் ஜாஸ்மி போனில் அழுதாள்.

"அப்பா, அம்மைக்கு அதுல விசுவாசம் உண்டும்லா? ஒங்க கணக்க அங்கயும் கொண்டு போடாதீங்க."

பதினொரு மாதம் மண்மேடாகவே கிடந்தது. பிடிவாதக்காரன் என்றது ஊர்.

பிடிவாதம் மட்டும் இல்லை. தினமும் சாயங்காலம் அந்த மேட்டருகே நின்று தம் கட்சியைச் சொல்வார். அவள் என்ன திருப்பிச் சொல்வாள் என்பதையும் அவரே யோசித்துக்கொள்வார். கல் வெட்டாதவரை வழக்கு முடியாது அல்லவா? ஆனால் நாளாக நாளாக அவள் பதில்கள் எல்லாம் பழையவையாகவே வந்தன. புதிதாக ஒன்றைச் சொல்லித் தம்மை மடக்க அவருக்குத் தெரியவில்லை. அதை உணர்ந்த அன்று அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் கல்வெட்டும் சிலுவை என்பவரின் பட்டறைக்குப் போனார்.

"நித்தியத்தில்னே வெட்டிரும்."

"சாருக்கு நம்பிக்கை வந்தாச்சா?"

"இல்ல. அவ கல்லுல்லா? அவ சொன்னதுதான் கெடக்கணும்."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தார். "ஏட்டி, நீ ஜெயிச்சிட்ட" என்று அடுக்களையைப் பார்த்துச் சொன்னார்.

அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் தோற்று அவள் பார்த்ததே இல்லை.