மினெல்வா நிரப்பிய காற்று

கரீபியன் கடலில் இருக்கும் எங்கள் பொனேர் தீவில், தண்ணீருக்குள் மூழ்கிப் பார்க்க வருகிறவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவது மினெல்வா ஜாங்காவின் வேலை. பத்தொன்பது வருடமாக அதே கடை, அதே கம்ப்ரஸர். ஆனால் ஒருநாளும் அவள் இடுப்புக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. மேலேயே இவ்வளவு காற்று கிடக்கிறபோது கீழே போய் எதற்கு மூச்சு விட வேண்டும் என்பாள். நான் அந்தக் கடைக்கு வண்டி ஓட்டுகிறவன்.

ஒரு காலை, ஹாலந்திலிருந்து வந்திருந்த பீட் என்பவர் போன வேகத்தில் கரையேறினார். சிலிண்டர் காற்றில் எண்ணெய் வாடை அடிக்கிறதாம். மினெல்வாவின் முகம் இறுகிவிட்டது. முந்தின நாள்தான் கம்ப்ரஸரின் வடிகட்டியை மாற்றியிருந்தாள். அவர் முன்னாலேயே அந்தச் சிலிண்டரைச் சோதித்துக் காட்டினோம், சுத்தமாக இருந்தது. அவர் நம்பவில்லை. ஆழத்தில் போனால்தான் தெரியும் என்று சாதித்தார்.

மினெல்வா அந்தச் சிலிண்டரைத் தனியாக எடுத்து வைத்தாள். “இத நானே உள்ள கொண்டுபோய் மூச்சு விட்டுப் பாக்கறேன்.”

கடையின் முக்குளிப்புப் பயிற்சியாளன் ஓஸ்ட்ரிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, தூறல் போட்டாலே கூரைக்குக் கீழ ஓடற ஆளு நீங்க.”

“நீ செய்யற வேலதானே, அதென்ன பெரிய வேல?”

மூன்று நாள் ஆழமில்லாத இடத்தில் பழக்கினான். முதல் நாள் தண்ணீருக்குள் முகத்தை வைத்ததுமே அலறி எழுந்தவள், மூன்றாம் நாள் மணலில் மண்டியிட்டு அசையாமல் மூச்சு விட்டாள். நான்காம் நாள் அந்தச் சிலிண்டரோடு இறங்கினோம். நானும் கூடப் போனேன்.

பவளப்பாறை சரிந்து இறங்கும் விளிம்புவரை அவள் ஓஸ்ட்ரிக்கின் கையை விடவில்லை. அங்கே தரை முடிந்து நீலம் தொடங்கியது. எங்களைச் சுற்றி ஊதா நிற மீன்கள், நூறா ஆயிரமா தெரியவில்லை, ஆறு போல ஓடிக்கொண்டே இருந்தன. கிளிமீன்கள் பாறையைக் கடிக்கும் ‘நறுக் நறுக்’ காதில் விழுந்தது. கை எட்டும் தூரத்தில் ஓர் ஆமை பாறையிடுக்கில் எதையோ பிய்த்துத் தின்றது. ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தின்றது. மினெல்வா பிடித்த கையை எப்போது விட்டாள் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. மிதந்தபடி அப்படியே நின்றாள். முகமூடிக்குள் கண்கள் அகன்றிருந்தன.

கரையேறியதும் மணலில் உட்கார்ந்துவிட்டாள். வாடை அடித்ததா என்று ஓஸ்ட்ரிக் கேட்டான்.

“என்ன வாடை?” என்றாள். கொஞ்சம் கழித்து, மெதுவாக, “நம்மள யாருமே கண்டுக்கலடா. நாம இருந்தாலும் இல்லாட்டியும் அதுங்களுக்கு ஒண்ணுதான். தெனமும் இப்படித்தான் நடக்குதா?”

“தெனமும்தான் அக்கா.”



மறுநாள் பீட் தயங்கித் தயங்கி வந்தார். வாடை அவருடைய பழைய ரப்பர் குழாயிலிருந்துதான் வந்திருக்கிறது. வெயிலில் கிடந்து இளகிப் போயிருந்ததாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் காதில் வாங்கவேயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, அந்த ஊதா மீனுக்குப் பெயர் என்ன என்று கேட்டாள். மீன் படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் மதியம்வரை எழவில்லை. அன்றைய சிலிண்டர்களையெல்லாம் நான் ஒருவனாகவே வண்டியில் ஏற்றினேன்.