சீயக்காய் வளர்த்த பூச்சி

சிகந்தராபாத் ரயில்வே காலனியில் நான் சானிட்டரி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தபோது கிடைத்த முதல் எதிரி, குளியலறைச் சாக்கடையிலிருந்து வரும் எள்ளளவு பூச்சி. சுவரில் அப்பிக்கொண்டிருக்கும், தண்ணீர் ஊற்றினால் குபீரென்று கிளம்பி மூக்கில் ஏறும். என் கையில் பம்பு, பம்பில் மண்ணெண்ணெய் கலந்த மருந்து. இது போதாதா என்று நினைத்தேன்.

ஃபிட்டர் சுடலைமுத்து வீட்டில் அடித்தேன். பொலபொலவென்று உதிர்ந்தன. மறுவாரமே அதே கூட்டம் திரும்ப வந்தது. பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் அப்படித்தான். அதே லைனில் இருந்த ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

ஹெட் இன்ஸ்பெக்டர் சாமுவேல், சிகந்தராபாத்திலேயே பிறந்த தமிழர், என்னைக் கூப்பிட்டு அந்த ஊர் உருது கலந்த தமிழில் சொன்னார்.

"மெட்ராஸ் ஆளுங்க வீட்ல மட்டும்தான் பூச்சி, சுத்தம் பத்தாதுன்னு டாக்டர் தொரை சொல்றார். திங்கக்கிழமை பாக்க வர்றார். அன்னிக்கும் பூச்சி பறந்தா உனக்கு இங்க வேலை நக்கோ, மெட்ராஸ் வண்டி ஏறிடு."

வேலை போவதைவிட அந்தச் 'சுத்தம் பத்தாது'தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. சுடலைமுத்துவின் மனைவி பொன்னம்மாளிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் கொதித்துப்போனார்.

"யாருக்குச் சுத்தம் இல்ல? வெள்ளிக்கெழம பொம்பளையாளு, சனிக்கெழம ஆம்பளையாளு, தப்பாம எண்ணெ தேச்சுக் குளிக்கோம். வீடு பூரா சீயக்காதான் மணக்கு. அந்தத் தொரை வீட்டுல உண்டுமா?"

இல்லை. அங்கேயும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் சோப்பு மட்டும்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாக்கடை வாயின் இரும்புச் சல்லடையை நெம்பி எடுத்தேன். குழாயின் உட்புறம் எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து விரல் கனத்துக்குக் களியாக அப்பியிருந்தது. அதற்குள் புழு நெளிந்தது. நான் கொன்றதெல்லாம் வளர்ந்த பூச்சி. அவற்றின் பிள்ளைகள் கீழே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

பொன்னம்மாள் சேலையை இழுத்துச் செருகினார். தேங்காய் நார், வாஷிங் சோடா, கொதிக்கிற வெந்நீர் எல்லாம் வந்தன. இருவருமாகக் குழாயைத் தேய்த்துக் கழுவினோம். மருந்தில் மண்ணெண்ணெய் இருப்பதால் வெந்நீர் அடுப்பை அணைக்கச் சொன்னேன். பிறகு சுவரில் மிச்சமிருந்த பூச்சிகள்மேல் அடித்துக் கதவைச் சாத்தினேன். மற்றத் தமிழ் வீடுகளுக்குள் பொன்னம்மாளே புகுந்து பெண்களை வேலைக்கு இறக்கிவிட்டார். பம்போடு அவர் பின்னால் ஓடுவதே எனக்கு வேலையாயிற்று.

திங்களன்று துரை வந்து பிரம்பால் சுவரைத் தட்டினார். வாளித் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். எதுவும் பறக்கவில்லை. பொன்னம்மாள் வாசலை மறித்து நின்றார்.

"நல்லாப் பாத்துக்கிடச் சொல்லுங்க தம்பி. அது அழுக்குல வந்த பூச்சி இல்ல, குளிச்சுக் குளிச்சு வந்த பூச்சின்னும் சொல்லுங்க."

ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். துரை தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். என் வேலையும் உறுதியாயிற்று. அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பம்பை எடுக்கும் முன் சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். வீட்டாரைக் குறை சொல்ல வாய் வந்தால், முதலில் அவர்கள் எப்படிக் குளிக்கிறார்கள் என்று கேளுங்கள்.