கிட்டுசாமி வண்டியின் கியர் பெட்டி

பொங்கியண்ணனுக்கு வண்டிக்கு அடியில் நுழைவதே இப்போது பெரும்பாடு. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஒவ்வொன்றையும் கெஞ்சித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். போதுமடா சாமி என்று அவர் சொல்லாத நாளில்லை. ஆனாலும் பெருமாநல்லூர் ரோட்டுப் பட்டறையை அவர் பூட்டவில்லை. அமெரிக்க வண்டிகளில் கிளட்ச் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் பெட்டி ஒன்று உண்டு. அது வண்டியோடு பிறந்ததா, பிறகு மாட்டியதா என்று சொல்ல அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆளில்லை. பெட்டியின் பக்கவாட்டில் எண் அடித்திருப்பார்கள். அதில் கடைசி ஆறு இலக்கமும், எஞ்சினில் உள்ள கடைசி ஆறு இலக்கமும் ஒன்றாக இருந்தால் அசல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் ஒரு நாள் பனியன் கம்பெனி முதலாளி கிட்டுசாமியின் வண்டி வந்து நின்றது. எட்டு சிலிண்டர் வண்டி, மிதித்தால் பறக்கும். வாங்க வந்த கோயமுத்தூர் ஆத்தப்பனுக்குப் பழைய வண்டிப் பைத்தியம். அசல் பெட்டி இருந்தால்தான் வாங்குவாராம். எஞ்சின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"நீங்க பாத்துச் சொன்னாப் போதுமுங்க. உங்க வார்த்தைய நம்பித்தான் வந்திருக்கறனுங்க."

பொங்கியண்ணன் உள்ளே போய் அழுக்கைத் துடைத்து, சாக்பீஸ் தேய்த்தார். எண்கள் வெள்ளையாகத் தெரிந்தன. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பார்த்திருக்கவே வேண்டாம். ஒன்பது வருடத்துக்கு முன் அந்தப் பெட்டியை மாட்டியவரே அவர்தான்.

அப்போது வண்டி இழுக்கவில்லை என்று கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறந்தால் எண்ணெய் சிவப்பாக, தண்ணீராக ஓடியது. லாரிப் பெட்டிகளையே பார்த்துப் பழகிய மனுஷன். எந்தப் படுபாவியோ கலப்படம் செய்துவிட்டான் என்று மொத்தத்தையும் வடித்துவிட்டு, கெட்டியான லாரி எண்ணெயை மகராசனாக ஊற்றினார். நான்காம் நாள் பெட்டி செத்தது. அந்தச் சிவப்புத் தண்ணீர்தான் அதற்கு உயிர் என்று சென்னைக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

கிட்டுசாமி கேட்டபோது நாக்கு தானாகப் புரண்டது. "டிரைவரோட எடது காலுங்க. கிளட்சுன்னு நெனச்சு பிரேக்க மிதிச்சே பெட்டி போயிருச்சுங்க."

டிரைவர் சென்னிமலை அப்படி மிதித்து, கடைவீதியில் வண்டி குலுங்கி நின்றதை ஊரே பார்த்துச் சிரித்திருந்தது. அதனால் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கே அவன் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். பொங்கியண்ணன் சென்னையில் அடிபட்டுக் கிடந்த இன்னொரு வண்டியின் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டி, பழையதையே சரி செய்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

இப்போதும் 'அசல்தானுங்க' என்று ஒரு வார்த்தை போதும். சட்டை கசங்காத ஆத்தப்பன் அடியில் புகுந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் பொங்கியண்ணனுக்குச் சலித்துவிட்டது. திடீரென்று நல்லவராகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னொரு பொய்யைக் காப்பாற்ற உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆத்தப்பன் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். கூட நின்ற கிட்டுசாமிக்கு வியாபாரம் கெட்ட கோபம். "ஒம்பது வருசம் கழிச்சு இத எதுக்குய்யா இப்பச் சொல்ற? ஆமா, யாரந்த டிரைவரு?"

வேலையை விட்டு அனுப்பிய கிட்டுசாமிக்கே பேர்கூட நினைவில்லை. 

மறுநாள் பொங்கியண்ணன் சென்னிமலையின் ஊரான குன்னத்தூருக்கு பஸ் ஏறினார். சென்னிமலை தன் வீட்டு வாசலில் தள்ளுவண்டியில் நூல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் நின்றபடியே சொன்னார்: "உன் காலு இல்லப்பா. நான் ஊத்துன எண்ணெய்தான்."

சென்னிமலை மூட்டையை இறக்கி வைத்தான்.

"நம்மளாலதான் அந்த வண்டி போச்சுன்னு இருந்துட்டனுங்கண்ணா. அப்பறம் லாரிக்காரரு ஒருத்தரு ஊடு தேடி வந்து கூப்பிட்டாருங்க. இன்னொருத்தர் வண்டியையும் கெடுத்துப் போடுவமோன்னு பயந்துட்டுப் போகலீங்க. அப்பறம் ஸ்டேரிங்கையே தொடலீங்க."

திட்டுவான் என்று பொங்கியண்ணன் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"சரிங்கண்ணா. பஸ் இப்ப வந்துருமுங்க" என்றான் சென்னிமலை.

அந்தப் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரை ஒரு வாய் தண்ணீராவது குடிக்கச் சொல்லாமல் யாரும் அனுப்புவதில்லை. சென்னிமலை சொல்லவில்லை. மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டுத் தள்ளத் தொடங்கினான்.